காலி வண்டி துள்ளும்

குழுவில் நாங்கள் ஐந்து பேர். சேலம், மதுரை, நாகர்கோவில், தாம்பரம் என்று நாலு பேர்; ஐந்தாவது ஆள் திருவொற்றியூர்க்காரியான நான். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தோம். 2023 தொடக்கத்தில் ஒரு சிறு படத்தைச் சேர்ந்து செய்வது என்று உட்கார்ந்தபோது, களம் ராயபுரம்தான் என்று மற்ற நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அது பக்கத்து ஊர். அங்கே படம் பண்ண என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

அவர்களுக்கு நிறைய இருந்தது. ஆளாளுக்குப் படங்களைத் திரட்டி ஒரே பலகையில் ஒட்டினார்கள். நீலமும் துருவும் கலந்த நிறம், நனைந்த சந்து, சுவரோவியத்தில் குத்துச்சண்டை வீரர், கேரம் போர்டு, கையில் கத்தி. ‘மெட்ராஸ்’, ‘வட சென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ மூன்றின் ஸ்டில்களும் அதில் இருந்தன. எனக்கும் பிடித்த படங்கள்தான். ஆனால் பலகை முழுவதும் தேடினாலும் எதையாவது தூக்கிக்கொண்டு போகிற ஓர் ஆள் இல்லை. எங்கள் தெருவில் காலையில் வாசலுக்கு வந்தால் கண்ணில் படுகிறவர்கள் எல்லாம் தூக்கிக்கொண்டோ, இழுத்துக்கொண்டோ, தள்ளிக்கொண்டோதான் போவார்கள். தண்ணீர்க் குடம், ஐஸ் பெட்டி, மீன் கூடை, கேஸ் சிலிண்டர். கத்தியோடு போகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இதைச் சொன்னேன். “அப்ப நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு” என்றாள் மதுரைக்காரி.

விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போனோம். விசைப்படகுகள் வந்து ஏலம் நடக்கிற நேரம். வஞ்சிரமும் சங்கராவும் தரையில் குவிந்து கிடக்க, விலை கத்துகிற குரலில் எண்கள் மட்டும்தான் காதில் விழும். அதுவும் பழகியவர்களுக்குத்தான் புரியும். நாகர்கோவில்காரிக்குக் கடற்கரை ஊர்ப் பழக்கம் உண்டு, அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. மற்றவர்கள் ஓரமாக நின்று வரைய ஆரம்பித்தார்கள். ஏலத்தில் எடுத்த மீனை அன்னக்கூடையில் நிரப்பி, ஐஸ் போட்டு, சாக்கால் மூடி, தலையில் சும்மாடு வைத்துத் தயாராக இருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா கண்ணு, வேடிக்க பாத்துனு நிக்கிறீங்க. ஒரு கை புடிங்க.”

நாகர்கோவில்காரி ஸ்கெட்ச் நோட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தாள். நானும் போனேன். கூடை மேலே ஏறியது. அந்த அம்மா நன்றி எல்லாம் சொல்லவில்லை, நடந்துவிட்டார். நாகர்கோவில்காரி திரும்பி வந்து, நோட்டை எடுத்து, ஈரக் கையோடு வரைந்த படம் அதற்கு முந்தைய பக்கங்களில் இருந்த எதையும் போல் இல்லை. முதுகெலும்பு ஒரே கோடாக வளைந்திருந்தது. முகம்கூடப் போடவில்லை.

கதை அன்றைக்கே கிடைத்துவிட்டது. ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய தூண்களைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தபோதுதான் பேசினோம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய கட்டடம் அது. சேலத்துக்காரன் அங்கேயே அந்தத் தூண்களை வரையத் தொடங்கிவிட்டான், கதை அவன் காதில் விழவே இல்லை. கதை இதுதான். மீன்காரம்மா ஒருத்தி ஏலம் எடுத்த கூடையோடு ரோட்டோரம் நிற்கிறாள். தலையில் தூக்கிவிட ஆள் வேண்டும். காதில் ஹெட்போனோடு எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கடைசியில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தூக்கிவிடுகிறான் என்று மதுரைக்காரி முடித்தாள். தாம்பரத்துப் பையனுக்கு அது பிடிக்கவில்லை. யாரும் தூக்க வேண்டாம், அவள் அங்கேயே உட்கார்ந்து மீனை விற்கட்டும் என்றான். மீன் விற்க விற்கக் கூடை கனம் குறையும். ஒரு கட்டத்தில் அவளே தனியாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். மூன்று நிமிடப் படத்துக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டியதில்லை. வசனமும் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒரே கூடை, ஒரே பெண், மூன்று கனம். முழுக் கூடையை அவள் தூக்கப் பார்த்துத் தோற்க வேண்டும். பாதிக் கூடையை அசைத்துப் பார்த்து விட்டுவிட வேண்டும். கால் கூடையைத் தூக்க வேண்டும். கூடைக்குள் இருக்கிற மீன் சாக்குக்கு அடியில் மறைந்திருக்கிறது. கனம் முழுவதும் அவள் உடம்பில்தான் தெரிய வேண்டும்.

அனிமேஷன் படிக்கிற எல்லோரும் பன்னிரண்டு விதிகளை மனப்பாடம் செய்வார்கள். டிஸ்னியில் வேலை பார்த்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிய புத்தகத்தில் தொகுத்தவை அவை. அமுங்கி நீள்வது, செயலுக்கு முந்தைய எதிர்ச் செயல், காலக்கணக்கு என்று போகும். அந்தப் பட்டியலில் எடை என்று தனியாக ஒரு விதி கிடையாது. மற்றவற்றைச் சரியாகச் செய்தால் எடை தானாக வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்போல. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. எடை தெரிந்தவர்களுக்கு மற்ற பன்னிரண்டும் தானாக வந்துவிடுகிறது. காசிமேட்டில் கூடை தூக்குகிற யாரும் எதிர்ச் செயலைப் பற்றிப் படித்ததில்லை. கூடை தரையை விட்டுக் கிளம்பும் முன் அவர்கள் உடம்பு ஒருமுறை கீழே போய்விட்டுத்தான் மேலே வருகிறது.

ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை வைத்து நாங்களே நடித்துப் படம் பிடித்தோம். முழுக் கேன், பாதிக் கேன், காலிக் கேன். காலிக் கேனை முழுக் கேன் மாதிரி தூக்கிக் காட்டு என்றால் யாராலும் முடியவில்லை என்பதுதான் பெரிய பாடம். முகத்தைக் கோணிக்கொள்வோம், பல்லைக் கடிப்போம், முழங்கால் மட்டும் பொய் சொல்லாது. பொய்க் கனத்தில் முழங்கால் வளைவதே இல்லை.

நொடிக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம் போதும். கையால் வரைகிறவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். முழுக் கூடையைத் தூக்க முயல்கிற ஷாட்டில் கூடை நகரவே நகராது. ஒரு நொடிக்கு மேல் அவள் உடம்பு மட்டும் இறுகும், கழுத்து நரம்பு தெரியும், சும்மாடு லேசாகச் சரியும். இதற்கு அத்தனை படமா என்று எடிட்டிங் பார்த்த மதுரைக்காரி கேட்டாள். ஒன்றுமே நடக்காத இடம், வெட்டிவிடலாம் என்றாள். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்குத்தான் அவள் அவ்வளவு பாடுபடுகிறாள் என்றேன். இந்தச் சண்டை, படத்தின் முன்வரைவான அனிமேட்டிக் முடியும்வரை ஓடியது. அவள் வெட்டுவாள், நான் சேர்ப்பேன். கடைசியில் அவளே பாதியை வைத்துக்கொண்டாள். அந்தப் பாதி நான் கேட்ட முழுசைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேர்ந்து செய்கிற வேலைக்கு ஒரு கட்டாயம் உண்டு. முக்கியமான நிலைகளை ஒருவர் முதலில் வரைந்து வைக்க வேண்டும், கீ என்போம். குனிவது, பிடிப்பது, இறுகுவது, விடுவது. இவற்றுக்கு நடுவே வரும் படங்களை இன்னொருவர் நிரப்புவார். மீன்காரம்மாவுக்குக் கீ வரைந்தது நான், நடுப்படங்கள் நாகர்கோவில்காரி, வண்ணமும் கோடு சுத்தம் செய்வதும் தாம்பரம், பின்னணியும் அதில் ஓடுகிற வண்டிகளும் சேலம். இந்த முறையில் நீங்கள் எதை நினைத்து வரைந்தீர்களோ அது அடுத்தவருக்குப் படத்திலேயே புரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் அது கீ இல்லை. என் ஓரத்துக் குறிப்புகளைப் பார்த்து நாகர்கோவில்காரி சிரிப்பாள்: “இவ்வளவு எழுதுறதுக்கு இன்னொரு படம் வரைஞ்சிருக்கலாமே மக்ளே.”

சத்தத்துக்காக மறுபடி காசிமேட்டுக்குப் போனபோது ஏப்ரல் பாதி தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகளில் வந்த கொஞ்சம் மீனுக்குச் சின்னதாக ஓர் ஏலம் நடந்தது. ஆணி அடிக்கிற சத்தம், வலை தைப்பவர்களின் பேச்சு, வானொலி. கிடைத்ததைப் பதிவு செய்தோம். படத்தில் ஏல இரைச்சல் இல்லாமல் போனது அப்படித்தான். ஒருவர் அதைப் பெரிய கலைத் தீர்மானம் என்று பாராட்டினார். நாங்கள் தலையாட்டிக்கொண்டோம்.

நான் தனியாகச் செய்த படம் வேறு கதை.

மணலில் படம் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலே கேமரா, கண்ணாடிமேல் மணலைப் பரப்பி விரலால் ஒதுக்கி உருவம் செய்து ஒரு ஃபிரேம் எடுப்பது. அதையே கலைத்து அடுத்த ஃபிரேம். காரோலின் லீஃப் என்ற பெண் மாணவியாக இருந்தபோதே இப்படி ஓநாய்க் கதை ஒன்றைச் செய்து, 1974-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வாத்தை மணந்த ஆந்தையின் கதையையும் மணலிலேயே செய்தார். அதே வாரியத்தில், குஜராத்தில் பிறந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாகப் போன இஷு படேல் 1977-இல் பாசிமணிகளை நகர்த்தியே ஒரு படம் செய்திருக்கிறார். கையில் இருப்பதை வைத்து ஆரம்பிக்கலாம் என்ற தைரியம் இவர்களிடமிருந்து வந்தது.

என் கையில் மணல்தான் இல்லை. கடற்கரை ஊரில் மணலுக்குப் பஞ்சமா என்று கேட்பார்கள். எங்கள் கடற்கரையில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் கரையைத் தின்றது. எங்கள் பாட்டி கோலம் போட்ட வாசல் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. ஆக, மணல் வேண்டுமானால் மெரினாவுக்குப் போய்த்தான் எடுத்து வர வேண்டும். அதற்கு மனசு வரவில்லை.

எங்களிடம் தாராளமாக இருப்பது சாம்பல். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து பறக்கிற சாம்பலை மின்புலத்தால் பிடித்து, தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளங்களுக்கு அனுப்புவார்கள். குழாய் கசிகிற இடங்களில் அது கொசஸ்தலை ஆற்றில் இறங்கும். காய்ந்தால் காற்றில் வரும். காட்டுக்குப்பம் பக்கம் ஆற்றோரம் வெளிறிய சாம்பல் நிறத்தில் படிந்து கிடக்கும். அதில் கொஞ்சம் வாரி வந்து, கழுவி, உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்தேன். முகத்தில் மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது; நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்கு நைசான தூள். அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

“தானா வர்றத பெருக்கியே இடுப்பு ஒடியுது. நீ மூட்டகட்டி வேற இட்டாறியா?”

சாம்பல் மணலைப் போல் நடந்துகொள்ளவில்லை. மணல் உருளும், ஒதுக்கினால் ஒதுங்கி, பின்னால் சுத்தமான வெளிச்சத்தை விடும். சாம்பல் ஒட்டும். விரலை இழுத்தால் இழுத்த தடம் மங்கலாகத் தங்கிவிடும். கடல் காற்றின் ஈரத்தில் திரளும். மூச்சு விட்டால் கதாபாத்திரத்தின் காது பறந்துவிடும். ஆனால் மணலில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. மெல்லிய படலமாக இருக்கும்போது வெளிச்சம் அதற்குள் ஊறி வரும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் அத்தனை சாம்பல் நிறங்கள். கலங்கிய தண்ணீரை அதில் செய்வதற்கு நான் சிரமமே படவில்லை.

படம் கலங்கிய தண்ணீரைப் பற்றியதுதான். எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. இருளர்கள் இதில் தேர்ந்தவர்கள். மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விரலுக்கு அடியில் ஓர் அசைவு தெரிந்தால் அது இறாலா, நண்டா, உடைந்த பாட்டிலா என்று விரலே முடிவு செய்ய வேண்டும். இதை வெளியே இருந்து, ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதுபோல் ஸ்டோரிபோர்ட் போட்டிருந்தேன். கரையில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், நடுவில் தலைகள். அழகான ஃபிரேம்கள். கண்ணாடிமேல் சாம்பலைப் பரப்பி உட்கார்ந்த முதல் ராத்திரியே அந்த ஸ்டோரிபோர்டைத் தூக்கிப் போட்டேன். என் விரல் சாம்பலைத் தடவிக்கொண்டு போவதும் அவர்கள் விரல் சேற்றைத் தடவுவதும் ஒரே வேலை என்று தெரிந்தபிறகு கரையிலிருந்து பார்க்க என்ன இருக்கிறது? படம் முழுவதும் தண்ணீருக்கு அடியில், விரல் இருக்கிற இடத்தில்தான் என்று ஆனது. விரல் தொட்ட இடத்தில் மட்டும் உருவம் வரும். விரல் நகர்ந்ததும் கலங்கிவிடும்.

இங்கே கீ கிடையாது. முதல் ஃபிரேமிலிருந்து நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முந்தைய படம் அழிந்துதான் அடுத்தது பிறக்கிறது. குழுப் படத்தில் ஒரு ஷாட்டுக்கு எத்தனை ‘ஃபைனல்’ ஃபைல்கள் இருந்தன என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. எதற்கும் யாரும் பொறுப்பேற்காமல் இருக்க அது நல்ல வழி. சாம்பலில் திரும்பிப் போக வழியில்லை. சுதந்திரம் என்று இதைச் சொல்வார்கள். பாதி ராத்திரியில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்த்து உட்கார்ந்திருந்தவளுக்கு அது அப்படித் தெரியவில்லை. நாகர்கோவில்காரி இருந்தால் அடுத்த பத்துப் படத்தை அவளிடம் தள்ளிவிடலாமே என்றுதான் இருந்தது. போதாததற்கு எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள். ஒவ்வொன்று கடக்கும்போதும் செல்போனை மாட்டியிருந்த ஸ்டாண்டு நடுங்கும். நடுங்கிய ஃபிரேம்களை முதலில் அழித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அந்த வீட்டில் எதுவுமே அசையாமல் நின்றதில்லை.

நடுவில் டிசம்பர் வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, கழிமுகம் முழுவதும் பரவியது. படகு, வலை, அலையாத்திச் செடிகளின் வேர், நாரைகளின் இறகு எல்லாம் கருப்பு. மீனவர்களே சின்னப் படகுகளில் போய்க் குவளையால் எண்ணெயை மொண்டு டிரம்களில் ஊற்றினார்கள். நான் வரைந்துகொண்டிருந்த கைகளை அந்த நாட்களில் முழங்கைவரை கருப்பாகப் பார்த்தேன். எண்ணெயைப் படத்தில் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். சேர்க்கவில்லை. செய்தியாக வந்துவிட்ட ஒன்றைப் படத்தின் முடிவாக வைத்தால், பார்க்கிறவர் ‘ஐயோ’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுவார். சாம்பல் பல வருடமாகச் செய்திகூட ஆகாமல் விழுந்துகொண்டிருக்கிறது. என் படம் அதிலேயே செய்தது. திரையிட்டபோது ஒருவர் எழுந்து, இதில் சமூகக் கருத்து எங்கே வருகிறது என்று கேட்டார். எதனால் செய்தது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டு படங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் போட்டு வீட்டு டிவியில் காட்டினேன். அப்பா கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்தின் ஜீரோ கேட் வரிசையில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அனிமேஷனில் சேர்ந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, “கோச்சடையான் மாரியா?” என்பது. சாம்பல் படத்தை இருவரும் பேசாமல் பார்த்தார்கள். “இதுக்குத்தானா அத்தினி சாம்பலு” என்றார் அம்மா. மீன்காரம்மா படம் ஓடியது. முழுக் கூடை அசையாத இடத்தில் அம்மாவின் தோள் லேசாக இறுகியதைப் பார்த்தேன். எந்தப் பரிசும் எனக்கு அதற்கு ஈடில்லை. படம் முடிந்தது.

“அந்தம்மா சரியா கீது” என்றார் அப்பா. “பின்னாடி போற வண்டி யாரு வரைஞ்சது?”

“சேலத்துப் பையன்.”

“கண்டெய்னரு வெச்சினு போவுது. ஆனா துள்ளுது. லோடு வண்டி துள்ளாது, குனியும். காலி வண்டிதான் துள்ளும்.”

ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஷாட்டின் ஓரத்தில் ஒரு டிரெய்லர் வந்து பிரேக் போட்டு நிற்கிறது. கேபின் துறுதுறுவென்று நாலு தடவை ஆடியது. நாங்கள் ஐந்து பேரும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அங்கேயே சேலத்துக்கு போன் போட்டேன். படம் ஒப்படைத்தாகிவிட்டது, ஆனால் விழாக்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது; மாற்றலாம். அவன் தூக்கக் குரலில் கேட்டான், “கண்டெய்னர் எவ்வளவு வெயிட்னு நமக்கு எப்படித் தெரியும்?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஆச்சரியம். “கதவுலயே எழுதிக்கீதே தம்பி. இருபது அடி காலிப் பெட்டி ரெண்டே கால் டன்னு. லோடோட முப்பது டன் ஏறும்.”

படத்தை நிறுத்தி வைத்துப் பெரிதாக்கினேன். கதவில் எழுத்துகள் இருந்தன. 30,480 கிலோ என்பதுவரை ஒவ்வோர் எண்ணையும் போட்டோ பார்த்து அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தான். சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“வீடியோ கால் போடு” என்றார் அப்பா. உள்ளங்கையைக் கவிழ்த்து போனுக்கு முன்னால் நீட்டினார். விரல் நுனி மெதுவாக ஒருமுறை தாழ்ந்து, இன்னும் மெதுவாக எழுந்து, நின்றது. “இது லோடு.” பிறகு கையைப் படபடவென்று உதறினார். “இது காலி. பெட்டி லாக்குல அடிக்கிற சத்தமும் வரும், டங்கு டங்குனு. அதயும் போட்டுக்க.”

“அங்கிள், லோடு மட்டும் இன்னொரு தடவை காமிங்க” என்றான் சேலத்துக்காரன். “ரெக்கார்ட் பண்ணிக்கறேன்.”